சிதம்பரத்தில் இன்னொரு கணினி

சிதம்பரம்
7.7.2025

அன்புள்ள கயலுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் நலம். விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா, போன மாதத்து வயிற்றுவலி மறுபடி வந்ததா என்று எழுது.

போனில் கேட்டதற்குக் கடிதத்தில் பதில் வருகிறதே என்று சிரிக்காதே. ஒன்பது வருஷமாகப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். வாயால் சொன்னது நிற்பதில்லை, எழுதிப் படம் போட்டுக் கொடுத்தால்தான் நிற்கிறது. உங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, அக்டோபருக்குள் ஒவ்வொரு ஆசிரியரும் இணையத்தில் பிள்ளைகளே தொட்டுப் பதில் சொல்கிற மாதிரி ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும், உனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவ்வளவுதானே?

முதல் பாடம். புத்தகத்தின் பக்கத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்று புத்தகத்துக்குத் தெரியாது. இணையப் பக்கத்துக்குத் தெரியும். பிள்ளை ஒரு விடையைத் தொட்டால் அது எங்கோ இருக்கும் கணினிக்குப் போய்ப் பதிவாகி, சரி தவறு என்று திரும்பி வருகிறது. யார் தொட்டார்கள், எத்தனை மணிக்கு, எங்கேயிருந்து எல்லாம் அங்கே இருக்கும். இந்த இரண்டு வரியை நன்றாக மனதில் வைத்துக்கொள். வினாடி வினா செய்யும் முறையைத் தனித்தாளில் படத்தோடு எழுதியிருக்கிறேன்.

பதிலைக் கடிதமாகவே எழுது, என் பள்ளி முகவரிக்கு. வீட்டுக்கு வேண்டாம். இந்தக் காலத்தில் கடிதமா என்று உன் அண்ணன் நம் இரண்டு பேரையும் கேலி செய்வார். அவரிடம் சொல்லவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி


மஞ்சக்குப்பம், கடலூர்
16.7.2025

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

வயிறு சரியாகிவிட்டது. விடுதியில் வாரத்துக்கு நாலு நாள் முள்ளங்கி சாம்பார் போடுகிறார்கள், அதற்கும் பழகிவிட்டேன். உங்கள் இடுப்புவலி எப்படி இருக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். பேனா பிடித்து விரல் வலிக்கிறது. ஆனால் உங்கள் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வினாடி வினா செய்துவிட்டேன்! எட்டாம் வகுப்பு பி பிரிவு, அமிலமும் காரமும். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு எட்டு கணினி. ஒருவன் தன் பெயருக்குப் பதில் ‘தலைமை ஆசிரியர்’ என்று போட்டுப் பதினைந்துக்கு மூன்று வாங்கிவிட்டான். அந்தப் பட்டியல் அப்படியே போர்டில் வந்தபோது தலைமை ஆசிரியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். யார் போட்டது என்று நீங்கள் சொன்ன மாதிரியே நேரத்தை வைத்துக் கண்டுபிடித்தோம்.

போர்டில் வயர் மாட்டிக் கொடுத்தது எங்கள் கணக்கு ஆசிரியர் சேரன். பொறுமையானவர். அவரைப் பற்றி உங்களிடம் நேரில் பேச வேண்டும், கடிதத்தில் வரமாட்டேன் என்கிறது.

ஒரு வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சுக்குப் போயிருந்தேன். மறுநாள் அண்ணன் போனில், “நேத்து சாயந்தரம் பீச்சுல என்னா வேலை உனக்கு?” என்றார். நம் கீரப்பாளையத்துக்காரர் யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கடலூரில் கூட நம் சனம் விடுவதில்லை.

அண்ணனை நான் விசாரித்ததாகச் சொல்ல முடியாதே, கடிதம் ரகசியமாயிற்றே!

உங்கள்
கயல்விழி


சிதம்பரம்
21.7.2025

அன்புள்ள கயலுக்கு,

நலம். இடுப்புவலி வருகிறது, போகிறது.

உன் கடிதத்தின் கடைசித் தாளைப் படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இரண்டாம் பாடம். பல பேர் சேர்ந்து எழுதும் தாள் ஒன்று இணையத்தில் உண்டு. அதை இரண்டு கணினியில் ஒரே அக்கவுண்டில் திற. ஒன்றில் எழுது. மற்றதில் என்ன நடக்கிறது என்று பார். பள்ளிக் கணினியிலேயே செய், உன் போனில் வேண்டாம். பிள்ளைகளுக்கும் காட்டு, நீயும் நன்றாகப் பார்.

கடற்கரைக்குப் போகும்போது போனை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போ. உப்புக்காற்று போனுக்கு ஆகாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

தமிழ்ச்செல்வி


கடலூர்
11.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமில்லை, உடம்பைச் சொல்லவில்லை.

முதலில் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பின் முன்பக்கம் ஒரு கணினி, பின்பக்கம் ஒன்று. பின்னால் யாருமே இல்லை. நான் முன்னால் ‘வணக்கம்’ என்று அடித்தேன். பின்பக்கத் திரையில் எழுத்து எழுத்தாக அது வந்ததைப் பார்த்து இளமதி என்ற பெண் அலறினாள்: “டீச்சர், பேய் எழுதுது!” வகுப்பே எழுந்து ஓடியது. நான் சிரித்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொல்லாமல் விடுதிக்கு வந்தார். பண்ருட்டி முந்திரி ஒரு பை நிறைய. வார்டனிடம் நான் எத்தனை மணிக்கு வருகிறேன், போகிறேன் என்று கேட்டிருக்கிறார். பிறகு கேட்டிலேயே நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: “சேரன்னா யாரு?”

“எங்க ஸ்கூல் கணக்கு வாத்தியார்ணே.”

“கணக்கு மட்டுந்தான் சொல்லித் தர்றாரா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் பையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அண்ணி, அந்தப் பெயரை உங்களுக்கு எழுதிய கடிதத்தைத் தவிர நம் வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை. நீங்கள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டதாக எழுதினீர்கள். கிழிப்பதற்கு முன் யாருக்காவது காட்டினீர்களா? அப்பா இறந்த பிறகு என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் அண்ணன். நானே சொல்லியிருப்பேன், நேரம் பார்த்து. அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டது ஏன்?

கயல்விழி


சிதம்பரம்
2.9.2025

அன்புள்ள கயலுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வலது கையில் இரண்டு விரல் கதவில் நசுங்கிவிட்டது, இன்னும் கட்டு இருக்கிறது. எழுத்து கோணலாகத்தான் வரும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நம்பு என்று கேட்க மாட்டேன்.

மூன்றாம் பாடம். லேபில் பிள்ளைகள் தங்கள் அக்கவுண்டை மூடாமல் எழுந்து போய்விடுவார்கள். அடுத்து உட்காருகிறவன் அதில் எதையும் பார்க்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அக்கவுண்டின் அமைப்புகளில் ‘பாதுகாப்பு’ என்ற இடத்தில், அந்த அக்கவுண்ட் எந்தெந்தக் கணினியில், எந்தெந்தப் போனில், எந்த ஊரில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் வரும். ஆசிரியராக இருக்கிறவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முன் உன் அக்கவுண்டில் பார்த்துக்கொள். பள்ளிக் கணினியிலிருந்து. எத்தனை இருக்கிறது என்று எண்ணு. எண்ணிவிட்டு எதையும் தொடாமல் மூடிவிடு.

தமிழ்ச்செல்வி


சிதம்பரம்
22.9.2025

கயல்,

நீ நலமா? இருபது நாளாகத் தபால்காரர் வரும் நேரத்தில் அலுவலக வாசலில் நிற்கிறேன். உன் கோபம் எனக்குப் புரிகிறது. என்னிடம் பேச வேண்டாம். அந்தப் பாடத்தை மட்டும் செய்துவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

காலாண்டு விடுமுறைக்கு இங்கே வராதே. வீட்டில் வெள்ளையடிக்கிறோம், உட்கார இடமிருக்காது. அண்ணன் கூப்பிட்டாலும், எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னாலும் வராதே. எனக்கு ஒன்றும் இல்லை.

தமிழ்ச்செல்வி


கடலூர்
25.9.2025

அண்ணி,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று பரீட்சை முடிந்து பிள்ளைகள் போன பிறகு லேபில் தனியாக உட்கார்ந்து உங்கள் மூன்றாம் பாடத்தைச் செய்தேன். கோபத்தோடுதான் செய்தேன். உங்களுக்கு ‘செய்துவிட்டேன்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மூன்று வந்தது. என் போன், கடலூர். லேப் கணினி, கடலூர். மூன்றாவது ஒரு கணினி, சிதம்பரம். திறந்த நாள் ஜனவரி 17.

பொங்கலுக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த போன் அண்ணி இது. தன் செல்போன் கடையிலேயே என்னை உட்கார வைத்து, “நீ குடு, நான் எல்லாம் போட்டுத் தர்றேன்” என்று அரைமணி நேரம் நோண்டினாரே, அன்றுதான். நான் எதிரில் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தேன்.

அந்த வரிக்குப் பக்கத்தில் ‘இப்போது செயலில்’ என்று எழுதியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நிமிஷத்தில். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். திரையிலிருந்து யாரோ கை நீட்டிவிடுவார் போல.

எல்லாம் அதில் இருக்கிறது. நான் எங்கே போகிறேன் என்பது. எடுத்த படங்கள். சேரனுக்கு எழுதிய ஒவ்வொரு வரியும். இப்போது உங்களிடம் சொல்கிறேன், நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொள்ள முடிவு செய்திருக்கிறோம். அவர்கள் நம் சனம் இல்லை. அவர் அம்மா ஜெயராணிக்குச் சம்மதம். அக்டோபர் 27 என்று நாள் வைத்திருக்கிறோம். அதையும் போனில்தான் பேசிக்கொண்டோம்.

உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்? உங்கள் விரலை நசுக்கியது கதவு இல்லையே?

நீங்கள் சொன்னபடி எதையும் தொடவில்லை. அதை அணைத்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அணைக்கவில்லை என்றால் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் என்ன செய்வது?

கயல்


சிதம்பரம்
6.10.2025

அன்புள்ள கயலுக்கு,

விடுமுறை முடிந்து இன்றுதான் பள்ளி திறந்தது. பத்து நாளாக உன் கடிதம் அலுவலக அலமாரியில் கிடந்திருக்கிறது. லேபைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

மார்ச்சிலிருந்து தெரியும். கடையில் கல்லாவுக்குக் கீழே ஒரு கணினி வைத்திருக்கிறார். சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். உன் படம், உன் எழுத்து. கேட்டதற்கு, “எந்தங்கச்சி, நான் பாக்குறேன், உனக்கென்னா?” என்றார். அதன்பிறகு ராத்திரிச் சாப்பாட்டின்போது நீ எழுதியதைப் படித்துக் காட்டுவார். நான் தலை நிமிராமல் பரிமாறுவேன். மறுபடி ஒருமுறை கேட்டேன், ஆகஸ்டில். அதற்குமேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

உனக்கு நேராக எழுதாததற்குக் காரணம் உண்டு. எழுதியிருந்தால் நீ உடனே அவருக்குப் போன் போட்டு, “அண்ணி இப்படிச் சொல்றாங்களே, நெஜமாண்ணே?” என்று கேட்டிருப்பாய். அவர்மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை. நீயே கண்ணால் பார்த்தால்தான் நம்புவாய். பாடம் என்ற பெயரில் அந்தப் பக்கத்தின் வாசல் வரைக்கும் உன்னைக் கொண்டுவந்து விட என்னால் முடிந்தது.

இப்போது கவனமாகப் படி. இருபத்தேழாம் தேதி அவருக்குத் தெரியும். போன வியாழக்கிழமை பண்ருட்டியிலிருந்து உங்கள் பெரியப்பா மகன் கலியமூர்த்தி வந்திருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன்.

“முந்துன நாளே போயிடுவோம். பேசிப் பாக்குறது. கேக்கலைன்னா வண்டியில ஏத்திக்கினு வந்துடறது.”

“அவன்?”

“அவனை அப்புறம் பாத்துக்கலாம்.”

இதைச் சொன்னது உன் அண்ணன். குரலை உயர்த்தவே இல்லை, மாவு அரைக்கப் போட்டாயா என்று கேட்கிற மாதிரி சொன்னார்.

கணினியை அணைக்காதே. போனில் வழக்கம்போலவே எழுது, வழக்கமான இடங்களுக்கே எடுத்துப்போ. வக்கீலைப் பார்க்கப் போகும்போது அது பள்ளி மேசையில் இருக்கட்டும். தனியாகப் போகாதே.

இதைப் படித்ததும் எரித்துவிடு.

தமிழ்ச்செல்வி


கடலூர்
9.10.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த முறை உண்மையாகக் கேட்கிறேன்.

நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

நேற்று மாதிரி வகுப்பு நடந்தது. மாவட்டத்திலிருந்து வந்து பார்த்தார்கள். பிள்ளைகள் விடையைத் தொடத் தொட, போர்டில் பட்டை ஏறியது, இறங்கியது. பாராட்டினார்கள். திரை தானாக அசைந்த ஒவ்வொரு தடவையும் நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அது யாருக்கும் தெரியவில்லை.

போனை மேசையில் வைத்துவிட்டுச் சேரனோடு வக்கீல் தில்லையம்மாளைப் பார்த்தோம். காவல் கண்காணிப்பாளரிடம் பாதுகாப்பு கேட்டு மனு கொடுக்கலாம் என்கிறார். அந்தப் பட்டியலை அச்செடுத்துக் கொண்டுபோனேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: “சிதம்பரத்துல ஒரு கம்ப்யூட்டர்னு இருக்கு. அது யாரோடதுன்னு யாரும்மா சொல்றது? வண்டியில ஏத்துவேன்னு சொன்னதை யாரு கேட்டது?”

உங்கள் கடிதத்தை நான் எரிக்கவில்லை அண்ணி. எரிக்க முடியவில்லை. அதைக் கொடுத்தால் மனு எடுபடும். கொடுத்தால் உங்கள் பெயர் வெளியே வரும், நீங்கள் அந்த வீட்டில்தான் ராத்திரி படுக்க வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் கொடுக்க மாட்டேன், வேறு வழி பார்ப்போம். கொடுக்கட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
கயல்


சிதம்பரம்
15.10.2025

அன்புத் தங்கை கயல்விழிக்கு,

அண்ணன் இளவரசு எழுதிக்கொண்டது. உன் சுகத்துக்கு ஒரு குறையும் இருக்காது என்று நினைக்கிறேன்.

உன் அண்ணிக்குக் காய்ச்சல், மூன்று நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. அவளுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று அங்கே வேலை செய்கிறவர் நல்ல மனதோடு கடையில் கொண்டுவந்து கொடுத்தார். படித்தேன். உன் கையெழுத்து சின்ன வயதில் இருந்த மாதிரியே இருக்கிறது.

நீங்கள் இரண்டு பேரும் கடிதத்தில் பேசுகிறீர்கள், அதனால் நானும் கடிதத்தில் பேசுகிறேன். ஆமாம், பார்த்தேன். பெண்பிள்ளையைத் தனியாக ஊரில் விட்டவன் பார்க்காமல் இருப்பானா? வக்கீலிடம் போய் அண்ணன்மேல் மனு எழுதுகிற அளவுக்கு நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்?

தீபாவளிக்கு வந்துவிடு. உட்கார்ந்து பேசுவோம். நீ வரவில்லை என்றால் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன், அலைச்சல் ஜாஸ்தி ஆனாலும் பரவாயில்லை. உன் அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இனி அவளுக்கு நீ எழுத வேண்டியதில்லை, அவள் வேலையை விட்டுவிட்டாள்.

அன்பு அண்ணன்,
இளவரசு


குறிஞ்சிப்பாடி
22.10.2025

அன்புள்ள கயலுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், என் தம்பி வீட்டில் இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

உன் கடிதத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து அவர்தான் படித்துக் காட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் தாளை மடித்தார்.

“கேக்குறா பாரு, குடுக்கட்டுமான்னு. பதில் சொல்லு. குடுக்கட்டுமா?”

பதினோரு வருஷமாக அவர் கேட்ட எதற்கும் நான் யோசித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன், எந்தப் பதிலுக்கு என்ன வரும் என்று கணக்குப் போட்டு. அன்று காய்ச்சலில் கணக்குப் போட முடியவில்லையோ என்னவோ.

“குடுக்கட்டும்” என்றேன்.

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. எழுந்து போய் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். என் போனும் போய்விட்டது. நாலு நாள் அப்படித்தான். யார் வீட்டுக் கதவு தட்டப்பட்டாலும் உன்னை இழுத்து வந்துவிட்டார் என்று நினைத்து எழுந்து உட்காருவேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் கடையில் கூட்டம். சாப்பாடு எடுக்கக் கடைப் பையனை அனுப்ப முடியாது என்று, காலையில் கதவைப் பூட்டாமல் விட்டு, மதியச் சாப்பாட்டை என்னையே கொண்டுவரச் சொன்னார். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேலவீதியில் நடக்க இடமில்லாத கூட்டம். கடை வாசல் தெரிந்தது, அவர் தலையும் தெரிந்தது. திரும்பி நடந்தேன். மகளிர் காவல் நிலையத்துக்குள் போய் உட்கார்ந்த பிறகும் தூக்குச்சட்டியை நான் கீழே வைக்கவில்லை. அங்கிருந்த காவலர் அம்மா, “என்னாம்மா, சோறு யாருக்கு?” என்று கேட்டதும்தான் அழுகை வந்தது.

எல்லாம் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்லாவுக்குக் கீழே இருக்கும் கணினி, கலியமூர்த்தியின் வண்டி, அடுப்படியில் கேட்டது. விரலையும் காட்டினேன். என் கடிதத்தை நீ தாராளமாகக் கொடு. அவர் உனக்கு எழுதியதை அனுப்பும் முன் எனக்குப் படித்துக் காட்டினார், அதையும் சேர்த்துக் கொடு. பார்த்தேன் என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறார்.

என் தம்பி ஜன்னலுக்குப் புதிதாகக் கொக்கி போட்டிருக்கிறான். நீ சாப்பிடு, தூங்கு.

தமிழ்ச்செல்வி


கடலூர்
28.10.2025

அன்புள்ள அண்ணிக்கு,

காய்ச்சல் முற்றிலும் விட்டதா? உங்கள் தம்பிக்கும் அவர் மனைவிக்கும் என் வணக்கம்.

நேற்றுத் திருமணம் நடந்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். இரண்டு பெண் காவலர்கள் எங்களோடு இருந்தார்கள். சேரனின் அம்மா எனக்காக மாம்பழ நிறத்தில் ஒரு புடவை எடுத்திருந்தார். கையெழுத்துப் போடும்போது என் பெயரிலேயே எழுத்தை விட்டுவிட்டேன், அதிகாரி மறுபடி எழுதச் சொன்னார்.

உங்கள் வாக்குமூலமும் இரண்டு கடிதங்களும் சேர்ந்த பிறகு மனு வேகமாக நகர்ந்தது. கலியமூர்த்தி அண்ணனைப் பண்ருட்டியிலேயே கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார்கள், வண்டி வரவில்லை. கடைக் கணினியை எடுத்துப் போயிருக்கிறார்கள். என் வாழ்க்கையில் குறுக்கிட மாட்டேன் என்று அண்ணனிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை லேபில் உட்கார்ந்து அந்த மூன்றாவது வரியை அணைத்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். ஒரு விரல் தொடுவதுதான். அதைச் செய்ய எனக்கு இருபது நிமிஷம் ஆயிற்று.

ஆனால் நேற்று அவர் வந்தார் அண்ணி.

தனியாக வந்திருந்தார். நாங்கள் வெளியே வந்தபோது எதிரே டீக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்தார். பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை. காவலர் குறுக்கே போவதற்குள் இரண்டடி முன்னால் வந்துவிட்டார். சேரனை அவர் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்:

“சாப்பிட்டியா கயலு?”

வேறு எதைக் கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். ஏசியிருந்தால் கூட. ஆறு வயதிலிருந்து அவர் கேட்கும் கேள்வி அது. அதே குரல். அந்தக் குரலில்தான் வண்டியில் ஏத்திக்கொண்டு வந்துவிடலாம் என்றும் சொன்னார் என்று எழுதியிருந்தீர்களே. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதை நினைத்து ஓரடி பின்னால் நகர்ந்தேன். சேரனின் அம்மா என் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“சாப்பிட்டேண்ணே” என்றேன். நேற்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

தலையை ஆட்டினார். சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். சிதம்பரம் பேருந்து வந்து நின்றது. அவர் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அதிலும் ஏறவில்லை. பெண் காவலர் எங்களை ஆட்டோவில் ஏற்றி, “திரும்பிப் பாக்காதம்மா” என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார், நாங்கள் போகும் திசையைப் பார்த்துக்கொண்டு.

புது வீட்டின் முகவரியைக் கடிதத்தில் எழுதவில்லை, உங்கள் தம்பி வந்தால் சேரன் வாயால் சொல்வார். பள்ளிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருகிறோம். கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்குங்கள் அண்ணி. நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

என்றும் உங்கள்
கயல்விழி